போர்டு மாத்தி வந்த லேப்டாப்ல விண்டோஸ் புதுசா போடுறது எப்படி

ரிப்பேர் ஆகி வந்த லேப்டாப் ஆன் ஆகுது, விண்டோஸ் வருது, சரி வேலை முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. முக்கியமா மதர்போர்டு மாத்தியிருந்தாலோ, எஸ்எஸ்டி மாத்திட்டு "விண்டோஸும் நாங்களே போட்டுட்டோம் சார்"னு சொல்லி அனுப்பியிருந்தாலோ, நீங்களே ஒரு தடவை மொத்தமா அழிச்சுட்டு புதுசா போட்டுக்கறதுதான் நல்லது. இதுக்கு யூட்யூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு, ஆனா அதெல்லாம் எந்தப் பிரச்சனையும் இல்லாத லேப்டாப்ல போட்டுக் காட்டுறது. போர்டு மாறிடுச்சுன்னா விண்டோஸைப் பொறுத்தவரைக்கும் அது வேற மெஷின், பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே போர்டுல ஓடற அடிப்படை சாஃப்ட்வேர், அதோட செட்டிங் எல்லாம் ஆதிக்குப் போயிருக்கும், டிபிஎம்னு ரகசியச் சாவிகளைப் பத்திரமா வச்சுக்கற சிப் வேற, சீரியல் நம்பர் வேற, உள்ள இருந்த லைசன்ஸ் கீ வேற இல்ல காலி. அதனால வீடியோல வராத இடத்துலதான் நீங்க மாட்டுவீங்க, டிஸ்க் காட்டாது, 48 இலக்க நம்பர் கேக்கும், கடைசில ஆக்டிவேட் ஆகாம நிக்கும். அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன், மத்ததை வேகமா தாண்டிடலாம்.

கடையில போட்டுத்தந்த விண்டோஸ் ஏன் வேணாம்

முதல்ல அதைச் செக் பண்ணிப் பாருங்க, நான் சொல்றதை நம்ப வேண்டாம். ஸ்டார்ட்ல சிஎம்டின்னு தேடி, ரைட் கிளிக் பண்ணி அட்மினா ஓப்பன் பண்ணுங்க, எஸ்எல்எம்ஜிஆர்னு அஞ்சு எழுத்தை இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் எக்ஸ்பிஆர் அடிச்சு என்டர் தட்டுங்க. சின்னதா ஒரு பாக்ஸ் வரும். நிரந்தரமா ஆக்டிவேட் ஆயிருக்குன்னு வந்தா பரவாயில்ல. வால்யூம் ஆக்டிவேஷன் இந்தத் தேதில முடியுதுன்னு ஒரு தேதியோட வந்தா, அது கேஎம்எஸ் முறை. கம்பெனிகள் தங்களோட நூறு ஆயிரம் மெஷினுக்கு வச்சுக்கற ஏற்பாடு அது, 180 நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், உங்க வீட்டு லேப்டாப்ல அது இருக்கவே கூடாது. இருந்தா ஏதோ கிராக் டூல் உள்ள உக்காந்துட்டு அந்த சர்வர் மாதிரி நடிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டி ஓப்பன் பண்ணி வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸ்ல கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அதுக்குள்ள போங்க. நீங்க எதுவும் போடாமலே அங்க ஏதாவது ஃபோல்டர் பேர் இருந்தா, "இந்த ஃபோல்டர் பக்கம் திரும்பிப் பாக்காத"னு ஆன்டிவைரஸுக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. பேங்க் வேலை பாக்கற மெஷின்ல இது இருக்கலாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. கடைக்காரர் செட்டப் முடிக்கறதுக்காக அவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணியிருந்தார்னா, இப்ப வர்ற விண்டோஸ் 11 டிஸ்கை தானாவே என்கிரிப்ட் பண்ணி, அதாவது பூட்டு போட்டு, அதைத் திறக்கற ரெக்கவரி கீயை அந்த அக்கவுன்ட்ல சேத்து வச்சுடும். அவர் அக்கவுன்ட்டை எடுத்துட்டு உங்களுக்கு ஒரு யூசர் போட்டுக் குடுத்தாலும் கீ அவர்கிட்டதான் இருக்கு. நாளைக்கு பயாஸ் அப்டேட் ஆகி கீ கேட்டுச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பீங்க.

எல்லாக் கடையும் இப்படித்தான்னு சொல்லல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயே நேர்மையா "லைசன்ஸ் தனியா வாங்கிக்கங்க"னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா பில்லுல ஓஎஸ் போட்டதுக்குன்னு வெறும் சில நூறு ரூபா இருந்தா அதுல லைசன்ஸ் விலை அடங்கியிருக்க வாய்ப்பே இல்லைங்கறது கணக்கு தெரிஞ்ச யாருக்கும் புரியும்.

அழிக்கறதுக்கு முன்னாடி ஹார்ட்வேரைப் பாருங்க

இதை ஏன் முன்னாடியே சொல்றேன்னா, புது விண்டோஸ் போட்ட பிறகு சவுண்ட் வரலைன்னா அது டிரைவரா ரிப்பேரான்னு தெரியாம நீங்க ரெண்டு நாள் டிரைவர் தேடிட்டு இருப்பீங்க. அதனால இருக்கற விண்டோஸ்லயே பாத்துடுங்க. டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ் டேப்ல ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி மாடல் என்ன, நீங்க குடுத்தப்ப இருந்ததுதானா பாருங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ டூல், அதுல டிஸ்கோட ஹெல்த்தும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறதும் வரும். புதுசுன்னு காசு வாங்கின எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டினா, இன்ஸ்டால் எல்லாம் அப்புறம், முதல்ல கடைக்குப் போங்க. பழைய ஹார்ட் டிஸ்க்னா ரீஅலோகேட்டட், பெண்டிங்னு இருக்கற ரெண்டு வரி பூஜ்யமா இருக்கணும், நம்பர் ஏறியிருந்தா அந்த டிஸ்க்ல உழைப்பைக் கொட்டாதீங்க.

ரன் பாக்ஸ்ல எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சா சிஸ்டம் பத்தின பக்கம் வரும். அங்க மாடல் பேர் இருக்கற இடத்துல இன்வேலிட்னோ டிஃபால்ட் ஸ்ட்ரிங்னோ வந்துச்சுன்னா, புது போர்டுல மாடல் பேர், சீரியல் நம்பர் எதையும் எழுதாமலே மாட்டியிருக்காங்க. லேப்டாப் ஓடும், ஆனா டெல், ஹெச்பி, லெனோவா எதுவா இருந்தாலும் அந்த கம்பெனியோட அப்டேட் டூல் உங்க மெஷினை அடையாளம் கண்டுபிடிக்காது. எழுதறதுக்கான டூல் சர்வீஸ் பண்றவங்ககிட்ட இருக்கும், பணம் செட்டில் பண்றதுக்கு முன்னாடி கேட்டா செஞ்சு குடுப்பாங்க, அப்புறம் கேட்டா இழுப்பாங்க.

அப்புறம் பயாஸுக்குள்ள ஒரு தடவை போய்ப் பாருங்க, எந்த கீன்னு கீழ சொல்றேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா அது வேற எங்கயோ இருந்து கழட்டின போர்டு, பாஸ்வேர்டோடயே வந்திருக்கு. அதையும் கடையிலதான் சரி பண்ணணும். தேதியும் நேரமும் சரியா இருக்கான்னும் பாருங்க, ரிப்பேர்ல பேட்டரியைக் கழட்டினதுல பல லேப்டாப் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். தேதி தப்பா இருந்தா பின்னாடி வெப்சைட் எல்லாம் சர்டிஃபிகேட் எரர் காட்டும், ஆக்டிவேஷனும் போகாது, காரணமே புரியாது.

முடிஞ்சா விண்டோஸுக்குப் பதிலா ஃப்ரீயா கிடைக்கற லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்தே லைவ்ல பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் எல்லாம் வேணாம், சும்மா டெஸ்க்டாப் வர்ற வரைக்கும் போதும். அதுல வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டுல எல்லா கீயும் வேலை செஞ்சா ஹார்ட்வேர் நல்லா இருக்கு, விண்டோஸ்ல வராததெல்லாம் டிரைவர் சமாச்சாரம். ரெண்டுலயும் வரலைன்னா டெக்னீஷியன் உள்ள ஏதோ ஒரு கேபிளை மாட்ட மறந்திருக்கலாம், இல்ல அந்தப் பார்ட்டே பழுதா இருக்கலாம். சண்டை போடறதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பேக்கப், 48 இலக்க கீ

பழைய டிஸ்க்லயே போடறீங்கன்னா பேக்கப் எடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் வரைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மறக்கறது வேற. டேலி டேட்டா ஃபோல்டர், அதுக்குள்ள கம்பெனி கம்பெனியா 10000ங்கற மாதிரி நம்பர் பேர்ல இருக்கும் பாருங்க, அதை அப்படியே எடுங்க. அவுட்லுக் வச்சிருந்தா மெயில் எல்லாம் இருக்கற பிஎஸ்டி ஃபைல். பிரௌசர்ல சேவ் ஆன பாஸ்வேர்ட். ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் யூஸ் பண்றீங்கன்னா அதோட டிரைவர் எங்க கிடைக்கும்னு இப்பவே பாத்து வச்சுக்கோங்க. டிடிபி கடை, ஆபீஸ்னா பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் நிறைய இருக்கும், சி டிரைவ்ல விண்டோஸுக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து அந்த ஃபான்ட்டையும் சேத்து எடுத்துடுங்க, இல்லைன்னா ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கும் ஆனா ஓப்பன் பண்ணா சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியும்.

போர்டு மாத்தின லேப்டாப்ல இன்னொரு சிக்கல், பழைய டிஸ்கை மாட்டி ஆன் பண்ணதுமே நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ குடுன்னு கேக்கும். டிஸ்கைத் திறக்கற சாவி பழைய போர்டுல இருந்த டிபிஎம்ல மாட்டிட்டு இருந்தது, அது இப்ப இல்ல, அதனால கேக்குது. பதறாதீங்க. வேற ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி டிவைசஸ் பகுதிக்குப் போனா பழைய லேப்டாப் பேருக்குக் கீழ அந்த 48 இலக்க கீ இருக்கும், ஸ்கிரீன்ல காட்டற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தை ஒத்துப் பாத்து அடிங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீம்கிட்ட இருக்கும். கீ எங்கயுமே கிடைக்கலைன்னா அந்த டேட்டாவை எந்த ரெக்கவரி கடைக்காரராலயும் எடுக்க முடியாது, எடுத்துத் தர்றேன்னு அட்வான்ஸ் கேக்கறவரை நம்பாதீங்க. ஆனா டேட்டா முக்கியம்னா டிஸ்கை அழிச்சுடாதீங்க, கழட்டி ஓரமா வச்சுட்டு வேற எஸ்எஸ்டில விண்டோஸ் போடுங்க, கீ என்னைக்காவது பழைய மெயில்ல கிடைக்கலாம்.

எந்த விண்டோஸ், எப்படி பென்டிரைவ்

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுடுச்சு, பதிவு பண்ணவங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிச்சிருக்காங்க. அதனால புதுசா போடறவங்க 11 போடுங்க. பிராசஸர் இன்டெல்னா பொதுவா எட்டாவது ஜென்ல (தலைமுறைல) இருந்து, ஏஎம்டின்னா லேப்டாப்ல பொதுவா ரைசன் 3000 வரிசைல இருந்து 11 எடுத்துக்கும், டிபிஎம் 2.0 வேணும், ரேம் 4 ஜிபி போதும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லும் ஆனா 8 ஜிபிக்குக் கீழ இருந்தா உங்க பொறுமைக்குத்தான் சோதனை. அதுக்கும் பழைய மெஷின்னா, உதாரணத்துக்கு 2011ல ஆரம்பிச்சு நம்ம அரசு ஸ்கூல் பசங்களுக்குக் குடுத்த லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடிட்டு இருக்கு, அதை ரிப்பேர் பண்ணிட்டு 11ஐ வம்படியா ஏத்தறது வேஸ்ட், எஸ்எஸ்டி ஒண்ணு போட்டு லினக்ஸ் மின்ட் 22 ஏத்துங்க, 2029 வரைக்கும் அப்டேட் வரும், பாட்டு கேக்க, படிக்க, பிரௌசிங்குக்கு தாராளமா போதும்.

பென்டிரைவ் 8 ஜிபி இருந்தா போதும், அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும். வேற ஒரு நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்டுக்குப் போய் மீடியா கிரியேஷன் டூல் இறக்கி ஓட்டினா அதுவே எல்லாம் பண்ணிடும். ஐஎஸ்ஓ, அதாவது மொத்த விண்டோஸும் ஒரே ஃபைலா வர்றதை இறக்கி வெறுமனே காப்பி பேஸ்ட் பண்றவங்க இருக்காங்க, உள்ள இருக்கற ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போறதால ஃபேட்32 முறைல ஃபார்மட் பண்ண பென்டிரைவ்ல ஏறாது, ஐஎஸ்ஓ வச்சுப் பண்ணணும்னா ரூஃபஸ்ங்கற ஃப்ரீ டூல் யூஸ் பண்ணுங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாம லோக்கல் யூசர் வேணும்ங்கறவங்களுக்கு ரூஃபஸ்ல அதுக்குன்னே ஒரு டிக் பாக்ஸ் வரும். யாரோ டெலிகிராம்ல குடுத்த "லைட்" விண்டோஸ், "கேமர் எடிஷன்" விண்டோஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம், கடையில போட்டதை அழிக்கறதே இதுக்குத்தானே.

லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து உங்க மாடலுக்கான வைஃபை டிரைவரையும், இன்டெல் மெஷின்னா டிஸ்க் காட்டாம போனா உதவற இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் இப்பவே இறக்கி அதே பென்டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுடுங்க. மாடல் நம்பர் லேப்டாப் அடில ஸ்டிக்கர்ல இருக்கும், அதை வச்சே தேடுங்க. ஸ்டோரேஜ் டிரைவரை செவன்ஜிப் வச்சு விரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் கண்ணுக்குத் தெரியற மாதிரி போடுங்க, அப்படியே இஎக்ஸ்இ ஃபைலா போட்டா இன்ஸ்டால் ஸ்கிரீன்ல அது பிரயோஜனப்படாது.

பயாஸ், டிஸ்க் காட்டாத கதை

சார்ஜரை மாட்டிக்கோங்க. பவர் பட்டனை அமுக்கினதும் பூட் மெனு கீயைத் தட்டிட்டே இருங்க, டெல், லெனோவால எஃப்12, ஹெச்பில எஃப்9, ஆசஸ்ல எஸ்கேப், எம்எஸ்ஐல எஃப்11. ஏசர்லயும் எஃப்12தான், ஆனா பயாஸ்ல அதை எனேபிள் பண்ணி வச்சாத்தான் வேலை செய்யும், போர்டு மாறினா திரும்ப ஆஃப் ஆகியிருக்கும். பயாஸுக்குள்ள போக பெரும்பாலும் எஃப்2, ஹெச்பில எஃப்10, திங்க்பேட்ல எஃப்1. உள்ள பூட் மோடு பழைய லெகசி முறைல இல்லாம யூஇஎஃப்ஐங்கற புது முறைல இருக்கணும், செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் ஆன்ல இருக்கணும். இன்டெல்ல டிபிஎம்ங்கறதுக்குப் பதிலா பிடிடின்னு போட்டிருக்கும், ஏஎம்டில எஃப்டிபிஎம். இதெல்லாம் ஆஃப்ல இருந்தா விண்டோஸ் 11 "இந்த பிசி தகுதியில்ல"ன்னு சொல்லிடும், நீங்க போர்டு மாத்தினதுல தப்பான போர்டு குடுத்துட்டான்னு நெனச்சுப்பீங்க.

இப்பதான் பெரும்பாலானவங்க நிக்கற இடம். மொழி எல்லாம் செலக்ட் பண்ணி, கீ இல்லைன்னு சொல்லிட்டு, டிஸ்க் செலக்ட் பண்ற பக்கத்துக்கு வந்தா எதுவுமே காட்டாது, இல்லைன்னா பென்டிரைவ் மட்டும் காட்டும். எஸ்எஸ்டி செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. இன்டெல் பதினோராவது ஜென்ல இருந்து விஎம்டின்னு ஒண்ணு இருக்கு, எஸ்எஸ்டி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டு இருக்கும், விண்டோஸ் செட்டப்புக்கு அதோட டிரைவர் தெரியாது. அந்தப் பக்கத்துலயே லோட் டிரைவர்னு இருக்கும், அதை அமுக்கி முன்னாடி விரிச்சு வச்ச ஃபோல்டரைக் காட்டினா டிஸ்க் வந்துடும். இல்லைன்னா பயாஸ்ல விஎம்டியை ஆஃப் பண்ணிடலாம். ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்கற சாதாரண லேப்டாப்னா நான் ஆஃப் பண்ணத்தான் சொல்வேன், உங்களுக்கு அதனால எந்த நஷ்டமும் இல்ல, அடுத்த தடவை இந்தத் தலைவலியும் இல்ல. ஏசர்ல இந்த ஆப்ஷன் கண்ணுலயே படாது, பயாஸ்ல மெயின் டேப்ல நின்னு கன்ட்ரோலோட எஸ் அமுக்கினாத்தான் வெளிய வரும்.

இதையே திருப்பிப் போட்டா இன்னொரு புதிரும் விடுபடும். ரிப்பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா ஓடின டிஸ்க், வந்ததும் "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்"னு நீல ஸ்கிரீன் காட்டுதுன்னா, புது போர்டோட பயாஸ்ல விஎம்டி நிலைமை பழசுல இருந்ததுக்கு எதிரா இருக்கலாம். ஆன்ல இருந்தா ஆஃப், ஆஃப்ல இருந்தா ஆன் மாத்திப் பாருங்க, பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வந்தா பேக்கப் எடுக்க ஒரு வாய்ப்பு கிடைச்சுடும். எடுத்து முடிச்சுட்டு, எந்த நிலைமைல வைக்கணுமோ அதை முடிவு பண்ணிட்டு அப்புறம் புதுசா போடுங்க, போட்ட பிறகு அதை மாத்தக் கூடாது.

விஎம்டி ஆஃப் பண்ணியும் வரலைன்னா எஸ்எஸ்டி ஸ்லாட்ல சரியா உக்காரல, இல்ல என்விஎம்இ மட்டும் எடுத்துக்கற ஸ்லாட்ல சாட்டா வகை எம்.2 குச்சியை மாட்டியிருக்காங்க. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாட்டவும் மாட்டிக்கும், ஆனா வேலை செய்யாது.

அழிக்கறதும் போடறதும்

டிஸ்க் வந்துடுச்சுன்னா மீதி சுலபம், ஒரே ஒரு எச்சரிக்கை. லேப்டாப்ல எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் ரெண்டும் இருந்தா டிஸ்க் 0, டிஸ்க் 1னு ரெண்டு காட்டும், எது எதுன்னு சைஸை வச்சுப் பாருங்க, நம்பரை நம்பாதீங்க, போர்டு மாறினா நம்பரும் மாறலாம். கழட்ட முடிஞ்சா டேட்டா இருக்கற ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வச்சுட்டு வேலையைப் பாருங்க, பூட் ஃபைல் போய் அந்த டிஸ்க்ல உக்காந்துக்கற வேலையெல்லாம் நடக்காது.

விண்டோஸ் போகவேண்டிய டிஸ்க்ல இருக்கற ஒவ்வொரு பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணுங்க, 100 எம்பி, 16 எம்பின்னு சின்னச் சின்னதா இருக்கறது, ரெக்கவரி, எல்லாமே. சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்றது கிளீன் இன்ஸ்டால் கிடையாது, கடைக்காரர் போட்ட பூட் பார்ட்டிஷன் அப்படியே இருக்கும். கடைசில அன்அலோகேட்டட்னு ஒரே வரி இருக்கணும், அதை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, தேவையான பார்ட்டிஷனை அதுவே பிரிச்சுக்கும். டி டிரைவ், இ டிரைவ்னு இப்பவே வெட்டி வைக்கறது நம்ம ஊர்ப் பழக்கம், 256 ஜிபி எஸ்எஸ்டில அதைப் பண்ணா சி நிறைஞ்சு போய் நிக்கும் டி சும்மா கிடக்கும், ஒண்ணாவே விடுங்க.

டிஸ்க் எம்பிஆர் வகைல (பார்ட்டிஷன் பிரிக்கற பழைய முறை) இருக்கு, இதுல போட முடியாதுன்னு மெசேஜ் வந்தா அதை ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும், ஷிஃப்ட்டோட எஃப்10 அமுக்குங்க, கருப்பு விண்டோ வரும். டிஸ்க்பார்ட்னு அடிச்சு என்டர், அப்புறம் லிஸ்ட் டிஸ்க், சரியான டிஸ்கைப் பாத்து செலக்ட் டிஸ்க் போட்டு அதோட நம்பர், அப்புறம் கிளீன், அப்புறம் கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் அடிக்கறதுக்கு முன்னாடி நம்பரை இன்னொரு தடவை பாருங்க, அது "நிச்சயமா"ன்னு கேக்காது, என்டர் தட்டின அடுத்த செகண்டே முடிச்சுடும்.

எந்த எடிஷன்னு கேட்டா நம்ம ஊர்ல விக்கற பெரும்பாலான லேப்டாப்போட வர்றது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், அதையே போடுங்க. ப்ரோ போட்டா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டா உங்க லைசன்ஸ் அதுக்குச் செல்லாது. கேக்காமலே தானா ஒரு எடிஷனை எடுத்துட்டுப் போச்சுன்னா போர்டுக்குள்ள ஒரு கீ இருக்குன்னு அர்த்தம், அது நல்ல சகுனம். ரீஸ்டார்ட் ஆகி திரும்ப முதல்ல இருந்தே செட்டப் வந்தா பென்டிரைவை உருவிடுங்க.

முதல் செட்டப் ஸ்கிரீன்

நாடு இந்தியா, கீபோர்டு, அப்புறம் நெட்வொர்க். வைஃபை லிஸ்ட்டே வரலைன்னா ஆண்ட்ராய்டு ஃபோனை டேட்டா கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, நெட் வந்துடும், இதுக்கு டிரைவர் எதுவும் தனியா வேணாம். ஐஃபோன்ல இது லேசுல வராது, அதுக்கு ஆப்பிளோட டிரைவர் வேணும்.

நெட் கனெக்ட் ஆனதும் ஏதோ ஒரு கம்பெனி பேரைப் போட்டு வரவேற்று ஆபீஸ் மெயில் ஐடி கேட்டுச்சுன்னா அங்கயே நிறுத்துங்க. உங்களுக்கு மாட்டின போர்டு ஒரு கார்ப்பரேட் லேப்டாப்ல இருந்து வந்தது, அந்த கம்பெனி அதை ஆட்டோபைலட்ல (கம்பெனி லேப்டாப்பை தானா செட்டப் பண்ற மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) பதிவு பண்ணி வச்சிருக்கு, எடுக்கவும் அவங்களாலதான் முடியும். நெட் இல்லாம தாண்டிடலாம்னு ஐடியா குடுப்பாங்க, அடுத்த தடவை ரீசெட் பண்ணும்போது திரும்ப வந்து நிக்கும். ஃபோட்டோ எடுத்துட்டு நேரா கடைக்குப் போய் வேற போர்டு கேளுங்க, இதுல தயவுதாட்சண்யமே வேணாம்.

அக்கவுன்ட் விஷயத்துல என் அபிப்பிராயம், உங்க சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்லயே போங்க. லைசன்ஸும் ரெக்கவரி கீயும் அதுல சேந்துடும், அடுத்த ரிப்பேருக்கு அது உதவும். ஒன்டிரைவ் மட்டும் டெஸ்க்டாப்பைத் தூக்கிட்டுப் போய் 5 ஜிபில அடைக்கப் பாக்கும், பேக்கப்பை ஆஃப் பண்ணிடுங்க. தமிழ் டைப் பண்றவங்க செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்ல தமிழைச் சேத்தா தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் விண்டோஸ்லயே இருக்கு, தனியா எதையும் இறக்க வேண்டியதில்ல.

டிரைவரும் ஆக்டிவேஷனும்

முதல்ல விண்டோஸ் அப்டேட்டை விட்டுடுங்க, அது வேணும்ங்கறதை எடுத்துட்டு ரீஸ்டார்ட் கேக்கும், திரும்ப அப்டேட் பாருங்க, எதுவும் இல்லைங்கற வரைக்கும். ஆப்ஷனல் அப்டேட்ஸுக்குள்ளயும் டிரைவர் ஒளிஞ்சிருக்கும். அதுக்கப்புறமும் டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி இருந்தா அதை டபுள் கிளிக் பண்ணி டீடெய்ல்ஸ்ல ஹார்ட்வேர் ஐடி பாருங்க. அதுல VENங்கற எழுத்துக்குப் பக்கத்துல 8086 இருந்தா இன்டெல், 1022 இல்ல 1002னா ஏஎம்டி, 10இசின்னா ரியல்டெக். பேர் தெரிஞ்சா கம்பெனி சைட்ல எதை இறக்கணும்னு தெரிஞ்சுடும். ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும் போடறோம்னு சொல்ற சாஃப்ட்வேர் பக்கமே போகாதீங்க.

ஆக்டிவேஷன்ல உண்மையைச் சொல்லிடறேன். லேப்டாப்போட வந்த லைசன்ஸ் அந்த போர்டோட கட்டுப்பட்டது, அந்த லைசன்ஸ் கீ மதர்போர்டுல இருக்கற சிப்லயே எழுதியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பழுதுக்காக போர்டு மாத்தினா அவங்களே கீயோட மாத்தித் தர்றதுதான் முறை. வெளிக் கடையில மாத்தினா போர்டுல எது இருக்கோ அதுதான். செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துல டிரபிள்ஷூட் குடுத்து, சமீபத்துல ஹார்ட்வேர் மாத்தினேங்கறதை செலக்ட் பண்ணி பழைய லேப்டாப் பேரைத் தேர்ந்தெடுங்க, முன்னாடியே அக்கவுன்ட்ல லைசன்ஸ் சேந்திருந்தா சிலருக்கு அதுலயே ஆயிடும். கடையில தனியா காசு குடுத்து வாங்கின ரீட்டெய்ல் கீ இருந்தா அதைப் போட்டா போதும். பழைய விண்டோஸ் 7, 8 கீயை வச்சு ஏமாத்தற வேலை 2023 செப்டம்பரோட மைக்ரோசாஃப்ட் மூடிடுச்சு. எதுவுமே நடக்கலைன்னா ஆக்டிவேட் பண்ணாமயே ஓட்டலாம், மூலையில ஒரு எழுத்து தெரியும், வால்பேப்பர் செட்டிங்ஸ்ல மாத்த விடாது, அப்டேட் வரும். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல விக்கற கீ வாங்கறதைவிட அந்த எழுத்தைப் பாத்துட்டே இருக்கறது மேல்.

வாரண்டி முடியறதுக்குள்ள

போர்டு வேலைக்குக் கடையில குடுக்கற வாரண்டி கொஞ்ச நாள்தான், அதுக்குள்ள மெஷினை நல்லா வறுத்தெடுங்க. மூடித் திறந்து ஸ்லீப்ல இருந்து எழுந்துக்குதா, சார்ஜ் ஏறுதா, ஹெச்டிஎம்ஐ வருதா, ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டினா ஃபேன் சுத்துதா, ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற டூல்ல பிராசஸர் சூடு வேலையே இல்லாம இருக்கும்போதும் 80, 90 டிகிரில நிக்குதா எல்லாம் பாருங்க. சும்மா இருக்கும்போதே அவ்வளவு சூடுன்னா ஹீட்சிங்க் சரியா உக்காரல, இல்ல தெர்மல் பேஸ்ட்டே வைக்கல. பேட்டரியும் மாத்தினோம்னு காசு வாங்கியிருந்தா சிஎம்டில பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் அடிங்க, ஒரு ஃபைல் உண்டாகும், அதுல டிசைன் கப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், புது பேட்டரின்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்.

நடுவுல நீல ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆச்சுன்னா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ஸுக்குப் போய் டபிள்யூஹெச்இஏ லாகர்னு பேர் இருக்கற எரர் இருக்கான்னு தேடுங்க. ஹார்ட்வேர்ல இருந்து வர்ற பிழையை விண்டோஸ் அங்கதான் எழுதி வைக்கும். ரேம் மேல சந்தேகம்னா அதைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86 டூலை ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் ரேமோ ஸ்லாட்டோ போச்சு. கடையில முதல் பதில் "சாஃப்ட்வேர் ப்ராப்ளம் சார், ஃபார்மட் பண்ணணும்"னுதான் வரும். கம்பெனி சைட்ல இருந்து இறக்கின சுத்தமான விண்டோஸ், இந்தத் தேதில போட்டது, இதோ லாக்னு அந்த ஸ்கிரீன்ஷாட்டை பில்லோட சேத்து மேஜைல வைங்க.